இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் பாலியல் நலக் கிளினிக்கை அணுகுவது எப்படி?

படிக்கவோ வேலைக்கோ இங்கிலாந்து வந்து சேரும் நம் இளைஞர்களைப் பாலியல் நலக் கிளினிக்கின் வாசலில் தயங்க வைப்பது பெரும்பாலும் நோயைப் பற்றிய பயமன்று; வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ, விசாவுக்கு இடைஞ்சல் வருமோ என்ற பயம்தான். பால்வினை நோய்களுக்கான பரிசோதனையும் சிகிச்சையும், கருத்தடைச் சேவையும், உங்கள் குடியேற்ற நிலை எதுவானாலும் இங்கே இலவசம். 2012 அக்டோபர் முதல் எச்.ஐ.வி. சிகிச்சையும் அப்படியே. எச்.ஐ.வி. இருப்பதற்காக விசா மறுக்கப்படுவதில்லை. குடும்ப மருத்துவரின் கடிதம் தேவையில்லை. நீங்கள் சம்மதிக்காமல் முடிவு அவருக்கு அனுப்பப்படுவதுமில்லை. பால்வினை நோய்ச் சிகிச்சையில் இந்த இலவசமும் ரகசியமும் 1916-ஆம் ஆண்டு விதிகளிலிருந்தே தொடரும் வழக்கம் என்பதால், இதை ஏதோ சலுகையாக நினைத்துக் கூச வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் சொல்ல நா எழாதென்றால், முன்பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். ஊர்க்காரர் யாராவது வந்து நிற்பாரோ என்று தோன்றினால், தொலைபேசி வழியாகவே மொழிபெயர்க்கச் சொல்லலாம். அண்ணனையோ அறைத் தோழரையோ மட்டும் அழைத்துச் செல்லாதீர்கள். அவர் முன்னால் பாதியைத்தான் சொல்வீர்கள்.

யாருடன், எப்போது, எந்த வகையில் உறவு கொண்டீர்கள் என்று செவிலியர் கேட்பார். எல்லாரிடமும் கேட்கப்படும் கேள்விதான் அது. எந்தப் பரிசோதனை தேவை என்பது உங்கள் பதிலைப் பொறுத்தது. ஆண்கள் சிறுநீர் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், அதற்கு முந்தைய ஒரு மணி நேரமாவது கழிவறைக்குப் போகாமல் இருக்க வேண்டும். பெண்கள் பஞ்சுக்குச்சியால் தாங்களே மாதிரி எடுத்துக்கொள்ளலாம். கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுக்கும், ஊரில் வெட்டை என்று சொல்லும் கொனோரியாவுக்கும் உறவுக்குப் பின் 2 வாரமும், எச்.ஐ.வி.க்கு 45 நாளும் கழிந்தால்தான் முடிவை நம்பலாம். பல பகுதிகளில் பரிசோதனைப் பெட்டியை வீட்டுக்கே வரவழைக்கலாம். உள்ளே என்ன இருக்கிறதென்று உறையின் மேல் எழுதியிருக்காது. ரத்தப் பரிசோதனைக்கு நீங்களே விரலைக் குத்தி எடுக்க வேண்டும்; குளிரில் விரைத்த விரலைக் குத்தினால் ரத்தம் எளிதில் வராது. வெந்நீரில் கையைச் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டுக் குத்துங்கள், பெட்டியிலுள்ள சிறு குழாய் கோடு வரை நிறையும்.

ஆணுறையை வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். அதன் மேலுறையைப் பல்லால் கிழிக்கக் கூடாது. அணியும்போது நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்ற வேண்டும். நம் வீடுகளில் எதற்கும் கைக்கு வரும் தேங்காய் எண்ணெய் ஆணுறையோடு ஆகவே ஆகாது. அது ஆணுறையின் ரப்பரான லேடெக்ஸைச் சில நிமிடங்களில் இற்றுப்போகச் செய்துவிடும் என்பதால், நீரை அடிப்படையாகக் கொண்டு தயாரித்த மசகே சரி.

ஆணுறை கிழிந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், கூடுமானால் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். கிளினிக் மூடியிருந்தால் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கேளுங்கள். அவசரக் கருத்தடை மாத்திரைகளில் ஒன்று 3 நாள்வரையிலும் மற்றொன்று 5 நாள்வரையிலும் பயன்படும்; அதே 5 நாளுக்குள் பொருத்தப்படும் காப்பர் டி இரண்டையும்விட உறுதியானது.

கிளமிடியா இருப்பது தெரியவந்தால், நீங்களும் துணையும் சிகிச்சையை முடிக்கும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும்; அசித்ரோமைசின் என்ற மருந்தானால் அதற்குப் பின்னும் 7 நாள் தவிர்க்க வேண்டும். துணைக்கு எப்படிச் சொல்வது என்று திணறினால், உங்கள் பெயரைக் குறிப்பிடாமல் கிளினிக்கே அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்.