பணமா, நேரமா? விலங்குக் காப்பகத்துக்கு எதைக் கொடுப்பது

பணம் அனுப்பும் முன் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். சென்னையில் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் மாதிரி பெரிய அமைப்பானாலும் சரி, உங்கள் பேட்டையில் நாலு பேர் சேர்ந்து நடத்துவதானாலும் சரி. நான் முதலில் பார்ப்பது தண்ணீர்ச் சட்டியைத்தான். பாசி இல்லாமல், தரையில் மூத்திரம் தேங்காமல் இருந்தால் அங்கே தினமும் யாரோ உழைக்கிறார்கள்.

அப்புறம் கேளுங்கள்: மாதம் எத்தனை நாய்களுக்குக் கருத்தடை? கூடவே ரேபிஸ் ஊசி போடுகிறீர்களா? பிடித்த தெருவிலேயே திரும்ப விடுகிறீர்களா? தயங்காமல் பதில் வந்தால் என் பணம் அங்கேதான். உருக்கமான வீடியோ பார்த்து மொத்தமாகக் கொடுப்பதைவிட, மாதாமாதம் ஐந்நூறு ரூபாய் கொடுப்பதே மேல். மருந்துக் கடைப் பாக்கியும் ஊழியர் சம்பளமும் மாதாமாதம் வருகிறதே.

நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை தரும் பதிவு (80ஜி என்பார்கள்) இருக்கிறதா என்று கேட்டு, வங்கி வழியாகவே கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு எப்படியும் இல்லை.

கையில் காசு இல்லையா? ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் போதும். நான் சட்டி கழுவுவேன். புழு வைத்த புண்ணுக்கு மருந்து போடும்போது நாயின் தலையைத் தடவிப் பிடித்துக்கொள்வேன். அவர்களுக்கு ஆள்தான் பஞ்சம். வாராவாரம் வர முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாயைத் தொடும் வேலை என்றால், மருத்துவரிடம் கேட்டு ரேபிஸ் முன்தடுப்பு ஊசியைப் போட்டுக்கொண்ட பிறகே இறங்குங்கள்.