புதிய கல்லூரி முதல்வர் பொறுப்பேற்றதும் செய்துவிடும் தவறுகள்

மே 31 அன்று ஒருவர் ஓய்வு பெறுவார், ஜூன் 1 அன்று அடுத்தவர் பொறுப்பேற்பார். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளிலும் உதவிபெறும் கல்லூரிகளிலும் முதல்வர் பதவி கைமாறுவது பெரும்பாலும் இப்படித்தான். மாணவர் சேர்க்கை மும்முரமாக நடக்கும் நேரம் அது. வராந்தாவில் மதிப்பெண் சான்றிதழும் கையுமாகப் பெற்றோர் நிற்பார்கள். அறைக்குள் துறை துறையாக வந்து பொன்னாடை போர்த்துவார்கள். ஆசிரியர் சங்கங்கள் தனித்தனியே வாழ்த்த வரும், வாழ்த்தோடு ஒரு கோரிக்கை மனுவும் வரும். இதற்கு நடுவே சிபாரிசு போன்கள். இந்த நெரிசலில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "சார், காலேஜுக்கு உங்க விஷன் என்ன?"

அதற்கு அன்றைக்கே பதில் சொல்லிவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதல் ஆசிரியர் கூட்டத்தில் புது முதல்வர் எழுந்து, மூன்று ஆண்டில் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவிடம் ஏ பிளஸ் பிளஸ், மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைப் பட்டியலில் முதல் நூறுக்குள் இடம், துறைக்கு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று அறிவிப்பார். கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்த அறிவிப்பில் இருக்கிற எதுவும் அந்தக் கல்லூரியைப் பார்த்து எழுதப்பட்டதாக இருக்காது. நாக் குழுவின் அளவுகோல்களில் ஒன்று, நிர்வாகமும் தலைமையும் பற்றியது. அதில் தொலைநோக்கு என்ன என்ற கேள்வியும் உண்டு. அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காக எழுதிய வாசகமே பிறகு நுழைவாயிலில் கருங்கல்லில் பொறிக்கப்படுகிறது. அதன் பக்கத்தில் தினமும் நடந்துபோகும் மாணவருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

முதல் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசினால் போதும். "செப்டம்பர் வரை கேட்கப் போகிறேன், பார்க்கப் போகிறேன். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்ததும் என் எண்ணத்தைச் சொல்கிறேன்" என்று சொன்னால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

அதே கல்லூரியில் இருபத்தைந்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு முதல்வராகிறவருக்குத்தான் இந்தக் காத்திருப்பு அதிகம் தேவை. எனக்குத் தெரியாத கல்லூரியா என்று அவருக்குத் தோன்றும். உண்மையில் அவருக்குத் தெரிந்தது அவருடைய துறை, அவருடைய மாடிப்படி, அவரோடு டீ குடித்த பத்துப் பேர். இயற்பியல் துறையில் இருந்தவருக்கு மாலை ஷிப்ட் பி.காம். வகுப்பில் என்ன நடக்கிறது என்பது வெளியூர்க்காரருக்குத் தெரிகிற அளவுதான் தெரியும்.

எதைப் பார்ப்பது?

பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். மூன்றாம் ஆண்டு வகுப்பு ஒன்றின் முதலாண்டுச் சேர்க்கைப் பட்டியலையும் இன்றைய வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அறுபது பேர் சேர்ந்த வகுப்பில் நாற்பத்தைந்து பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து பேர் எங்கே போனார்கள்? துறைத் தலைவரிடம் கேட்டால் "டிஸ்கண்டின்யூ சார்" என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடும். வகுப்பில் மிச்சம் இருக்கிற பிள்ளைகளிடம் கேட்டால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை வரும். ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். ஒருத்திக்கு இரண்டாம் ஆண்டிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. இன்னொருவனுக்கு ஆங்கிலத் தாளில் மூன்று அரியர் விழுந்து, வகுப்புக்கு வரவே வெட்கமாகிப் போனது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய், ஆதார் இணைப்புக் கோளாறால் கணக்கில் ஏறாமல் அலைந்து ஒருத்தி சலித்துப் போயிருப்பாள்.

இந்தப் பதினைந்து பெயரும் அவர்களுடைய காரணமும் ஒரு தாளில் வந்துவிட்டால், கல்லூரிக்கு என்ன வேண்டும் என்பதில் பாதி தெரிந்துவிடும். முதல் செமஸ்டரிலேயே ஆங்கிலத்துக்குத் தனி வகுப்பு வேண்டுமா, உதவித்தொகைக்கு என்று ஓர் அலுவலரை உட்கார வைக்க வேண்டுமா, பெற்றோரை வரவழைத்துப் பேச வேண்டுமா என்பதெல்லாம் அந்தத் தாளிலிருந்தே வரும்.

இதே பட்டியலைத் தலைகீழாகப் படிப்பதும் உண்டு. தவறுகளில் கொடியது இதுதான்.

2015-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள மவுண்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்துக்கு சைமன் நியூமன் தலைவராக வந்தார். நிதித் துறையிலிருந்து வந்தவர். நிறுவனத்தை வேகமாக மாற்றிக் காட்ட வேண்டும் என்ற முனைப்பு அவரிடம் இருந்தது. முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்கு நிலைக்கிறார்கள் என்பது அந்நாட்டுக் கல்லூரிகளின் தரத்தைக் காட்டும் முக்கியமான எண். அதை உயர்த்த அவர் கண்ட வழி இது: புது மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, யார் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்று கணித்து, எண்ணிக்கையை அரசுக்கு அனுப்பும் தேதிக்கு முன்பே அவர்களை வெளியேற வைப்பது. பட்டியலில் ஏறும் முன்பே போய்விட்டால் அவர்கள் விலகல் கணக்கில் வர மாட்டார்கள் அல்லவா? கேள்வித்தாள் எதற்காக என்பது மாணவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

2016 ஜனவரியில் மாணவர் பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்தது. அடுத்த மாதமே இரண்டு பேராசிரியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒருவர் அந்தப் பத்திரிகைக்கு ஆலோசகராக இருந்தவர். நாடு முழுவதும் கண்டனம் எழுந்து இருவரையும் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. தலைவர் விலக வேண்டும் என்று ஆசிரியர்கள் 87-க்கு 3 என்ற கணக்கில் வாக்களித்தார்கள். பிப்ரவரி முடிவதற்குள் நியூமன் பதவி விலகினார். பொறுப்பேற்று ஓராண்டுகூட ஆகவில்லை.

அது அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பாற்ற, படிப்பில் பின்தங்கிய பிள்ளையைத் தேர்வு எழுதவிடாமல் வருகைக் குறைவைக் காட்டி நிறுத்துவதும், "டி.சி. வாங்கிட்டு வேற எங்கேயாவது சேர்ந்துக்கோ" என்று பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்புவதும் இங்கேயும் நடப்பவைதான். முதல்வர் வாயால் அப்படி ஓர் உத்தரவு வந்திருக்காது. "இந்த வருஷம் ரிசல்ட் தொண்ணூறு தாண்டணும்" என்று மட்டும் சொல்லியிருப்பார். கீழே இருப்பவர்கள் அதற்கான குறுக்கு வழியைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். எண்ணை இலக்காக வைக்கும்போது, அந்த எண்ணுக்காக எதைச் செய்யக் கூடாது என்பதையும் அதே கூட்டத்தில், அதே குரலில் முதல்வர் சொல்லியாக வேண்டும். எழுத்திலும் கொடுக்க வேண்டும்.

அரை மணி நேரம் முன்னதாக

ஒழுங்கைக் கொண்டுவந்துவிட்டேன் என்று காட்டப் புது முதல்வர்களுக்கு மிக எளிதாகத் தோன்றும் காரியம், கல்லூரி நேரத்தை மாற்றுவது. ஒன்பதரையை ஒன்பதாக்குவார்கள். சென்னையில் இது சின்ன விஷயமாக இருக்கலாம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் இருக்கும் கல்லூரியை நினைத்துப் பாருங்கள். கிராமத்திலிருந்து வரும் டவுன் பஸ் காலை எட்டேகாலுக்குக் கிளம்பினால், ஊர் ஊராக நின்று கல்லூரி வாசலுக்கு ஒன்பதே காலுக்கு வரும். அதற்கு முந்தைய பஸ் ஆறே முக்காலுக்கு. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த ஒரு பஸ்ஸை நம்பித்தான் பல மாணவிகள் கல்லூரியில் சேர்ந்தே இருக்கிறார்கள். தனியார் பஸ்ஸில் முன்னதாக வரலாம்தான், தினமும் காசு வேண்டும்.

அரை மணி முன்னதாக என்றால் முதல் மணி நேர வருகை போயிற்று. அது சேர்ந்து சேர்ந்து 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும். அப்புறம் வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளக் கட்டும் காண்டனேஷன் கட்டணம், அதற்கும் கீழே போனால் ஹால் டிக்கெட் கிடையாது. ஒழுக்கத்துக்காகப் போட்ட சுற்றறிக்கை, எந்தத் தப்பும் செய்யாத ஒரு பெண்ணைத் தேர்விலிருந்து நிறுத்தியிருக்கும். மாலை கடைசி வகுப்பில் பாதிப் பேர் காணாமல் போவதற்கும் பல இடங்களில் இதே பஸ்தான் காரணம்.

பொறுப்பேற்ற முதல் வாரத்தில் ஒரு நாள் காலையும் ஒரு நாள் மாலையும் கல்லூரி நிறுத்தத்தில் நின்று பார்த்தால் இது முழுதும் தெரிந்துவிடும். எந்தத் தடத்தில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்குக் கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் எழுதலாம். நேரில் போய்ப் பேசினால் இன்னும் நல்லது. பஸ் நேரம் பத்து நிமிடம் நகர்ந்தால் அது மாணவர்கள் மறக்காத மாற்றமாக இருக்கும்.

யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது என்பதில் நடக்கும் தவறைப் பற்றி வெளிப்படையாகப் பேச எல்லோரும் தயங்குகிறார்கள். புது முதல்வர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், ஐ.க்யூ.ஏ.சி. எனும் உள் தர உறுதிக் குழுவின் ஒருங்கிணைப்பாளர், விடுதிக் காப்பாளர் ஆகிய மூன்று இடத்துக்கு யாரைப் போடுகிறார் என்று கல்லூரியே பார்த்துக்கொண்டிருக்கும். மூவரும் அவருடைய பழைய துறையிலிருந்தோ அவருடைய சாதியிலிருந்தோ வந்தால், அதற்குப் பிறகு அவர் எவ்வளவு நல்ல திட்டம் சொன்னாலும் காதில் ஏறாது. அவர்கள் திறமைசாலிகளாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த நியமனத்தை மற்றவர்கள் படிக்கும் விதம் வேறு. ஆசிரியர் ஓய்வறையில் சாதி வாரியாக மேசைகள் பிரிந்து கிடக்கும் கல்லூரிகளில் முதல்வர் நடுவில் நின்றால் மட்டும் போதாது. இத்தனை நாள் எந்தப் பொறுப்பும் தரப்படாதவர்கள் யார் என்று தேடி, அங்கிருந்து தொடங்க வேண்டும்.

அதேபோல, ஆசிரியர் கூட்டம் என்று சொல்லிவிட்டு உதவிபெறும் பிரிவு நிரந்தர ஆசிரியர்களை மட்டும் கூப்பிடுவது. பல கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவில்தான் மாணவர் எண்ணிக்கை அதிகம். அரசுக் கல்லூரிகளில் ஆண்டுக்கு 11 மாதச் சம்பளம் வாங்கும் கௌரவ விரிவுரையாளர்கள்தான் பெரும்பகுதி வகுப்புகளை எடுக்கிறார்கள். அவர்கள் இல்லாத அறையில் பேசப்படும் தொலைநோக்கு யார் வகுப்பில் நடைமுறைக்கு வரும்? அலுவலகக் கண்காணிப்பாளரையும் ஆய்வக உதவியாளரையும் சேர்த்தே சொல்கிறேன். போனஃபைடு சான்றிதழ் கேட்டு ஜன்னலில் நிற்கும் பிள்ளை முதல்வரைப் பார்ப்பதே இல்லை. அதற்குக் கல்லூரி என்பது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிளார்க்தான்.

முன்னாள் முதல்வரைக் குறை சொல்லிப் பேசுவது பற்றி நீட்ட வேண்டியதில்லை. செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

எவ்வளவு காலம், எவ்வளவு அதிகாரம்

யு.ஜி.சி.யின் 2018 விதிமுறை முதல்வர் பதவிக்காலத்தை ஐந்தாண்டு என்கிறது. ஒருமுறை நீட்டிக்கவும் இடமுண்டு. நடைமுறையில், பணிமூப்பு வழியே ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வயதில் பதவிக்கு வருகிறவருக்கு ஓராண்டோ இரண்டு ஆண்டோதான் கிடைக்கிறது. அவர் 2040-க்கான கனவை விரித்தால் கேட்பவர்கள் மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

குறுகிய காலம் என்பதால் பெரிய காரியம் முடியாது என்றில்லை. சென்னை கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலிலிருந்து தாம்பரத்தின் விரிந்த வளாகத்துக்கு 1937-இல் இடம்பெயர்ந்தது. அப்போது முதல்வர் ஆல்ஃபிரட் ஹாக். ஆனால் அந்த யோசனை அவருக்கு முன்பே பிறந்தது, அவருக்கு முந்தியவர்களும் சேர்ந்து சுமந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் போன்றவர்கள் அங்கே மரம் நட்டு வளர்த்தார்கள். முன்னவர் பாதியில் விட்டுப் போன கோப்பை எடுத்து முடித்துவைப்பதும் ஒரு தலைமையின் திட்டமாக இருக்கலாம். விடுதிக்கு இரண்டாவது தளம், நின்றுபோன நூலகக் கணினிமயம் என்று எல்லாக் கல்லூரியிலும் அப்படி இரண்டு மூன்று கோப்புகள் உண்டு.

அதிகார எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். உதவிபெறும் கல்லூரியில் செலவுக்கு நிர்வாகத்தின் செயலர் ஒப்புதல் வேண்டும், பணியிடத்துக்கு மண்டல இணை இயக்குநர் அலுவலகம் போக வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தை மாற்றப் பாடத்திட்டக் குழு, கல்விக்குழு என்று படிப்படியாக ஏற வேண்டும். இவர்களைக் கேட்காமல் மேடையில் அறிவித்துவிட்டால் மறுநாளே செயலர் அறையிலிருந்து அழைப்பு வரும்.

யார் கையையும் எதிர்பார்க்காமல் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. கறுப்பின மாணவர்களுக்காக 1872-இல் தொடங்கி, பின்னாளில் அமெரிக்காவின் டல்லாஸ் நகருக்கு இடம்பெயர்ந்த பால் குயின் கல்லூரி மூடும் நிலையில் இருந்தபோது, 2007-இல் மைக்கேல் சோரெல் தலைவரானார். பணத்தை விழுங்கிக்கொண்டிருந்த கால்பந்து அணியைக் கலைத்தார். சுற்றுவட்டாரத்தில் காய்கறி வாங்க நல்ல கடை இல்லை என்பதைப் பார்த்து, 2010-இல் அந்தக் கால்பந்து மைதானத்தையே பண்ணையாக மாற்றினார். கல்லூரி பிழைத்தது. எனக்கு இதில் பிடித்தது, அந்தக் கல்லூரி வாசலில் நின்றால் மட்டுமே தோன்றக்கூடிய யோசனை இது என்பதுதான்.

சரி, அக்டோபர் வந்துவிட்டது, பேச வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். தமிழில் எழுதி, எல்லாத் துறைப் பலகையிலும் ஒட்டுங்கள். அதில் மூன்று காரியங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பு யார், எந்த மாதத்துக்குள் என்று எதிரிலேயே எழுதுங்கள். என்ன செய்யப் போவதில்லை என்று ஒரு வரி சேருங்கள். மாணவர்களிடம் தனியாகப் படித்துக் காட்டிக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்; முதலில் கழிப்பறைத் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பார்கள், அதற்கும் பதில் வைத்துக்கொண்டு போங்கள். அடுத்த ஜூன் ஆசிரியர் கூட்டத்தில் அதே தாளை எடுத்து, எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று வரிசையாகச் சொல்லுங்கள்.