புது ஏர் ரைஃபிளை உடம்புக்கும் ஊர் வெயிலுக்கும் பொருத்துவது

பெட்டியைப் பிரித்த கையோடு குறி பார்க்கப் போவதுதான் பலர் செய்யும் முதல் தப்பு. ரைஃபிளின் கட்டை உடம்புக்குப் பொருந்தாத நிலையில் குறி பார்க்கும் சைட்டைத் திருகினால், பிறகு கட்டையைத் தொடும்போது அத்தனை வேலையும் வீண். முதலில் தோளில் பதியும் பட் பிளேட், அடுத்து கன்னம் பதியும் சீக் பீஸ், பிறகு சைட், கடைசியில் ட்ரிக்கர். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

இங்கே சொல்வது 10 மீட்டர் போட்டிக்கான, காற்றுச் சிலிண்டர் வைத்த 4.5 மி.மீ. ரைஃபிளைப் பற்றி. போட்டி விதிப்படி எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. பள்ளிப் பிள்ளைக்கு அந்த உச்ச எடை தேவையும் இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி, குழாயின் உள்விட்டம் 4.5 மி.மீ.க்கோ, குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கோ மேல் போனால் உரிமம் வேண்டும். போட்டி ரைஃபிள் 7.5 ஜூல் அளவில்தான் நிற்கும். மாந்தோப்பில் கிளி விரட்ட இதைத் தூக்காதீர்கள். கிளியும் மயிலும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை.

பட் பிளேட்: முழங்கையை 90 டிகிரிக்கு மடக்கி, பிளேட்டை முழங்கை மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிக்கரைத் தொட்டால் அதுவே தொடக்க நீளம். நின்று பிடிக்கும்போது முனை இலக்குக்கு மேலே நின்றால், கையால் அழுத்திக் கீழே இறக்காதீர்கள். பிளேட்டைக் கட்டையில் கொஞ்சம் கீழே இறக்குங்கள். பின்பக்கம் உயர்ந்து முனை தாழும். இடம் வலமாக விலகினால் பின்னங்காலை நகர்த்துங்கள்.

சீக் பீஸைச் சோதிக்கக் கண்ணை மூடுங்கள். ரைஃபிளைத் தோளில் ஏற்றி, கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறந்தால் முன் சைட் வளையம் பின் துளையின் நடுவில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் பிறை போல நிழல் விழுந்தால் உயரமோ பக்கவாட்டோ சரியில்லை. பத்து முறை ஏற்றி இறக்கிப் பார்த்து, பத்தும் ஒரே மாதிரி வந்த பிறகு திருகை இறுக்கி, அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள்.

இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. முன் வளையத்தை 4 மி.மீ. அளவில் தொடங்குங்கள். கறுப்பைச் சுற்றி வெள்ளை விளிம்பு தாராளமாகத் தெரிய வேண்டும். வளையம் இறுக்கமாக இருந்தால் கண் நடுவைத் தேடித் தேடிக் களைத்து, விரல் தயங்கும். முதலில் ஐந்து குண்டு சுட்டு, அந்தக் கொத்தின் நடுவை வைத்துச் சைட்டைத் திருப்புங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் திருகினால் துரத்திக்கொண்டேதான் இருப்பீர்கள்.

ட்ரிக்கரின் இழுப்பை 100 கிராம் அளவில் வைக்கலாம். வைத்ததும் பெல்லட் (ஈயக் குண்டு) இல்லாமல் இழுத்து வைத்து, பின்கட்டையை ரப்பர் விரிப்பில் மெதுவாகத் தட்டுங்கள். அந்தத் தட்டலுக்கே ட்ரிக்கர் விடுபட்டால் அதன் பிடிமானம் போதாது. திருகைப் பின்னே கொண்டு வாருங்கள். ஸ்பிரிங் வகை ரைஃபிளைப் பெல்லட் இல்லாமல் சுடவே கூடாது. எதிரே தடுப்பில்லாததால் பிஸ்டன் முன்சுவரில் போய் மோதும்.

காற்றுதான் இந்தப் பக்கம் பலரை ஏமாற்றுவது. பொதுவாக இந்த ரைஃபிள் சிலிண்டரின் உச்ச அழுத்தம் 200 பார் (பார் என்பது அழுத்த அளவு). பஞ்சர் கடை கம்ப்ரசர் பத்து பாரைச் சுற்றித்தான் தரும், அதனால் பயனில்லை. ஓசூர் சிப்காட் பக்கம் வெல்டிங் கடையில் நிற்கும் கறுப்பு ஆக்ஸிஜன் சிலிண்டர் 150 பார் கொடுக்குமே என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். உயர் அழுத்த ஆக்ஸிஜனோடு ஒரு துளி எண்ணெய் சேர்ந்தாலே வெடிக்கும். சுத்தமான உலர் காற்று மட்டும்தான். கை பம்ப் என்றால் ஒவ்வொரு 50 தடவை அடித்ததும் நிறுத்துங்கள். சூடேறினால் உள்ளே ஈரம் சேரும், காற்றுக் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் கெடும். ஓ-ரிங்குக்கு ஒரு விரல்நுனி சிலிக்கான் கிரீஸ் போதும், பெட்ரோலிய எண்ணெய் வேண்டாம்.

தருமபுரியில் 35 டிகிரி வெயிலில் 200 பார் நிரப்பிவிட்டு, ஓசூரில் மார்கழி அதிகாலை 18 டிகிரியில் பார்த்தால் முள் 189-ல் நிற்கும். அது லீக் இல்லை, குளிர்ச்சி. உண்மையான லீக்கைக் கண்டுபிடிக்க, இரண்டு நாள் ஒரே நேரத்தில் படித்து ஒப்பிடுங்கள். சந்தேகமிருந்தால் இணைப்பில் சோப்பு நீர் தடவிக் குமிழி தேடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் இதற்கு நேர்மாறு: 27 டிகிரியில் 200 பார் இருந்தது 60 டிகிரியில் 222 ஆகும். காருக்குள் விடவே விடாதீர்கள். சிலிண்டரில் பொறித்த தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். அலுமினிய வகைக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் 10 ஆண்டு ஆயுள் சொல்கின்றன. பழைய ரைஃபிள் வாங்குபவர் முதலில் தடவிப் பார்க்க வேண்டிய எழுத்து அது.

பெல்லட் தட்டைத் தலை, 0.53 கிராம். தலை அளவு 4.49, 4.50, 4.51 எனப் பிரித்து விற்கிறார்கள். ரைஃபிளை மணல் மூட்டை மேல் வைத்து, ஒவ்வொரு அளவிலும் பத்து சுட்டு, கொத்தின் அகலத்தை அளந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டப்பாவில் பாவாடை (பெல்லட்டின் அகன்ற பின்விளிம்பு) நசுங்கியது இருந்தால் தூக்கி எறியுங்கள். பெல்லட்டை வாயில் வைக்காதீர்கள், அது ஈயம். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டைத் தொட வேண்டும்.