ஏழு ஆவணங்கள், ஒரு வாதம்: ஏ.பி. அமெரிக்க வரலாற்றுக் கட்டுரையை எழுதும் முறை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏ.பி. (Advanced Placement, கல்லூரி நிலைப் பாடம்) அமெரிக்க வரலாற்றுத் தேர்வில், மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு ஒரே ஒரு கட்டுரைக்கு உரியது. 7 ஆவணங்களைக் கொடுத்து, அவற்றைச் சான்றாகக் கொண்டு ஒரு வினாவுக்கு விடை எழுதச் சொல்லும் அந்தக் கட்டுரைக்கு 60 நிமிடம் உண்டு. அதில் முதல் 15 நிமிடம் படிப்பதற்கென்று பரிந்துரைக்கப்படுகிறது. பாடத்தை நன்கு அறிந்த மாணவர்களும் இங்கே சறுக்குவதற்குக் காரணம், "முதல் ஆவணம் இதைச் சொல்கிறது, இரண்டாம் ஆவணம் அதைச் சொல்கிறது" என்று ஏழு ஆவணங்களையும் வரிசையாகச் சுருக்கி எழுதிவிடுவதே. ஆவணங்கள் சாட்சிகள் மட்டுமே. வழக்கை நடத்த வேண்டியவர் நீங்கள்.

எனவே வினாவை முதலில் இருமுறை படியுங்கள். 1763 முதல் 1776 வரை பிரிட்டனின் வரிக்கொள்கை அதன் அமெரிக்கக் குடியேற்றங்களை விடுதலையை நோக்கி எந்த அளவுக்குத் தள்ளியது என்பது வினா என்று கொள்வோம். "பல காரணங்கள் இருந்தன" என்பது யாரும் மறுக்க முடியாத வாக்கியம் என்பதால் அது வாதமாகாது. "வரியின் சுமையைவிட, தங்கள் இசைவின்றி வரி விதிக்கும் உரிமையை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கோரியதே மக்களைச் சினங்கொள்ள வைத்தது, ஆயினும் 1775இல் போர் மூளும்வரை பெரும்பாலோர் பிரிவினையை நாடவில்லை" என்று எழுதினால், நிறுவ வேண்டிய ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது என்ற பின்னணியை இதற்கு முன்னால் இரண்டு மூன்று வாக்கியங்களில் சொன்னால் போதும்.

ஆவணத்தைப் படிக்கும்போது, அதில் என்ன இருக்கிறது என்பதோடு அதை யார், எப்போது, யாருக்காக உருவாக்கினார் என்றும் கேளுங்கள். 1770 மார்ச் 5 அன்று பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் நடத்திய துப்பாக்கிச் சூட்டைக் காட்டும், அவ்வூர் வெள்ளிக் கொல்லர் பால் ரெவியரின் செதுக்கோவியம் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. அதில் சிப்பாய்கள் ஒழுங்காக வரிசை கட்டி நிற்க, அதிகாரி வாளை உயர்த்திச் சுடும்படி ஆணையிடுகிறார். ஆனால் அன்றைய மோதல் குழப்பமானது, அந்த அதிகாரியோ பின்னர் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார். ஓவியம் பொய் என்று ஒதுக்கிவிடுவது தவறு. சம்பவம் நடந்த சில வாரங்களுக்குள் விற்பனைக்கு வந்த அந்தப் படம், என்ன நடந்தது என்பதைவிட, மக்கள் எதை நம்ப வேண்டும் என்று பிரிட்டிஷ் கொள்கையை எதிர்த்தவர்கள் விரும்பினர் என்பதற்கே வலுவான சான்று. இந்த ஒரு வாக்கியத்தை எழுதி, அதை உங்கள் வாதத்தோடு இணைத்தால்தான் ஆவணத்தின் பின்புலத்தை ஆராய்வதற்கான மதிப்பெண் கிடைக்கும்; "இவர் ஒருதலைப்பட்சமானவர்" என்று எழுதி நிறுத்தினால் கிடைக்காது. இரண்டு ஆவணங்களுக்கு இப்படிச் செய்தால் போதும்.

ஆவணங்களில் இல்லாத ஒரு சான்றும் வேண்டும். நான் தேர்ந்தெடுப்பது 1773இன் தேயிலைச் சட்டத்தை. அது, நாடாளுமன்றம் விதித்த வரியை அப்படியே வைத்தபடி, கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலையை மலிவாக்கியது. அப்படியிருந்தும் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகள் கடலில் வீசப்பட்டன. (சென்னையில் கோட்டை கட்டிய அதே கம்பெனிதான், கடலில் கரைந்தது சீனத் தேயிலை.) விலை குறைந்தும் எதிர்ப்பு எழுந்தது என்பது, சுமையைவிட உரிமையே சிக்கல் என்ற வாதத்தை நேரடியாகத் தாங்குகிறது. மாறாக, 1775 ஜூலையில் குடியேற்றங்களின் சார்பில் பிரிட்டிஷ் மன்னருக்கு அனுப்பப்பட்ட சமாதான விண்ணப்பம், பிரிவினை எண்ணம் தாமதமாகவே வந்தது என்ற, வாதத்தின் இரண்டாம் பாதிக்குப் பயன்படும்.

நேரம் நெருக்கினால், வாதத்துக்கு உதவும் 4 ஆவணங்களை ஆழமாகப் பயன்படுத்துங்கள். ஆவணச் சான்றுக்கான இரண்டு மதிப்பெண்ணுக்கு அதுவே போதும். எழுத எழுத உங்கள் வாதம் சற்றுத் திசை மாறியிருக்கக்கூடும். தேர்வு இப்போது கணினியில் நடப்பதால், கடைசி ஐந்து நிமிடத்தில் முதல் பத்திக்குத் திரும்பிச் சென்று, நீங்கள் உண்மையில் நிறுவியதற்கு ஏற்ப உங்கள் வாதத்தைச் சொல்லும் வாக்கியத்தைத் திருத்திவிடுங்கள்.