கொழும்பில நல்ல பேகல் தேடிப் பிடிக்கிறது எப்பிடி

கனடாவில இருந்து ஆக்கள் லீவுக்கு வந்து நிக்கிற வீடுகளில கட்டாயம் வாற ஒரு கேள்வி, இங்க நல்ல பேகல், அதான் நடுவில ஓட்டை வைச்சு வளையமாச் சுடுற அந்த இறுக்கமான பாண், எங்க வாங்கலாம் எண்டு. பிள்ளையள் முதல் கிழமை இடியப்பமும் சொதியும் சந்தோசமாச் சாப்பிடுவினம், பிறகு காலமைச் சாப்பாட்டுக்குப் பேகல் கேப்பினம், பெரிய ஆக்களும் தான். கொழும்பில இப்ப கன கஃபேயில, சுப்பர்மார்க்கெட்டில பேகல் எண்டு போட்டு விக்கினம், வாங்கிக் கடிச்சுப் பாத்தா கனக்க இடத்தில அது நடுவில ஓட்டை விட்ட பணிஸ் தான். அதுக்காக நல்லது இல்லவே இல்லை எண்டு விட்டிடாதேங்கோ, இருக்கு. ஆனா கடைப் பேரை மட்டும் கேட்டுக்கொண்டு திரியாதேங்கோ, இங்க ஒரு பேக்கரியில போறணையடியில நிக்கிற ஆள் மாறினா சாமானும் மாறிடும், போன மாசம் நல்லாயிருந்த இடம் இந்த மாசமும் அப்பிடியே இருக்கும் எண்டில்லை. அதால நான் யாருக்கும் சொல்லுறது, ரெண்டு விசயம் கேளுங்கோ: சுட முதல் கொதிதண்ணிக்குள்ள போடுறவையோ, எத்தினை மணிக்குப் போறணையால எடுக்கிறவை. இந்த ரெண்டுக்கும் நேரான பதில் வாற இடம் தான் உங்கட இடம்.

கொதிதண்ணி ஏன் இவ்வளவு முக்கியம் எண்டா, பேகலைப் பேகல் ஆக்கிறதே அது தான். குழைச்சு வளையமாக்கின மாவைப் போறணைக்குள்ள வைக்க முதல் ஒவ்வொரு பக்கமும் அரை நிமிசம் ஒரு நிமிசம் கொதிக்கிற தண்ணியில விட்டு எடுப்பினம். அப்ப வெளிப்பக்கத்து மாச்சத்து வெந்து பசை மாதிரி இறுகிடும், பிறகு சூட்டில வைக்கேக்க உள்ள இருக்கிற மா பாண் மாதிரி ஊதி எழும்ப ஏலாது, அந்த இறுகின தோல் பிடிச்சு வைச்சிருக்கும். அதால தான் வெளிய மினுக்கமும் உள்ள அடர்த்தியும் கடிச்சா இழுபடுற தன்மையும் வருது. தண்ணியில போடாமல் ஸ்டீம் வாற அவணில வைச்சு எடுக்கிறதும் உண்டு, பெரிய ஃபக்டரிகளில அப்பிடிச் செய்யிறது சுகம், நேரமும் மிச்சம், ஆனா அதில வாறது மெல்லிசாத் தோல் பிடிச்ச பஞ்சு மாதிரி ஒரு சாமான்.

கடையில நிண்டு கண்ணால பாத்தே பாதி கண்டுபிடிக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிறதின்ர மேல் தோலைப் பாருங்கோ, நல்லது எண்டா மினுங்கும், கிட்டப் பாத்தா சின்னச் சின்னக் கொப்புளம் தெரியும். அந்தக் கொப்புளம் வந்திருந்தா மாவை உருட்டி ராத்திரி முழுக்கப் பிறிட்ஜில வைச்சுத் தான் விடியச் சுட்டிருக்கினம் எண்டு பெரும்பாலும் நம்பலாம், குளிரில மெல்லமாப் புளிச்ச மாவுக்குத் தான் அந்த ருசி வரும். எங்கட ஊர் வெக்கையில வெளிய வைச்சா மா கெதியா எழும்பிடும், ருசி பிடிக்க நேரம் இராது, கடைக்காரருக்கும் பிறிட்ஜில இடம் காணாது, அதால இந்த வேலையைத் தான் இங்க முதல்ல விட்டிடுவினம். பிறகு ஒண்டை வாங்கிக் கையில எடுங்கோ, பாத்த அளவுக்கு மேலால பாரமா இருக்கவேணும். பெருவிரலால அமத்திப் பாருங்கோ, பணிஸ் எண்டா அமுங்கி அப்பிடியே பள்ளமா நிக்கும், பேகல் எண்டா எதிர்த்துக்கொண்டு திரும்பி வரும். கத்தி வேண்டாம், கையால பிச்சுப் பாருங்கோ, சும்மா ரெண்டாகக் கழண்டு வந்தா அது சரியில்லை, கொஞ்சம் இழுத்து முறுக்கித் தான் பிய்க்க வேண்டி வரும்.

கேக்கிறதுக்குக் கூச்சப்படாதேங்கோ. காசாளரிட்டைக் கேட்டா அவருக்குத் தெரியாது, உள்ள நிக்கிற ஆளைத் தான் கேக்கவேணும், கொழும்பில அநேகமாச் சிங்களத்தில தான் கேக்க வேண்டி வரும், "மல்லி, வத்துரே தம்பலாத ஹதன்னே?" எண்டு கேளுங்கோ, விளங்கிடும். ஹவ்லொக் டவுன் பக்கம் ஒரு சின்ன இடத்தில இதைக் கேட்டவுடன அந்தப் பெடியன் முகம் மலர்ந்து உள்ளுக்கு ஓடிப்போய் தான் தண்ணி கொதிக்க வைக்கிற அந்தப் பெரிய தாச்சியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினான், பக்கத்தில தேன் போத்தலும் இருந்துது. ஒருத்தன் தன்ர வேலையைப் பற்றி இவ்வளவு ஆசையாக் கதைச்சா அங்க வாங்குங்கோ, யோசிக்கத் தேவையில்லை. "அது எல்லாம் ஒண்டு தான்" எண்டு பதில் வந்தா தேத்தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ.

இன்னொண்டு, நீங்கள் தேடுறது எந்த ஊர்ப் பேகல் எண்டு முதல்ல தெளிவா இருங்கோ, இல்லாட்டி நல்லதைக் கையில வைச்சுக்கொண்டே சரியில்லை எண்டு சொல்லுவியள். போலந்துப் பக்கத்து யூதச் சனத்தின்ர சாப்பாடு இது, கிராக்கோவ் நகரத்து யூதச் சபையின்ர 1610ம் ஆண்டு விதிகளிலயே பேகல் எண்ட பேர் வருது, பிறகு அந்தச் சனம் குடிபெயர்ந்து போன இடங்களில ரெண்டு விதமா வளர்ந்துது. நியூயோர்க்கில செய்யிறது பெருசு, தடிப்பு, ஓட்டை சின்னன், மாவுக்குள்ள மோல்ட் (முளைக்க வைச்ச பார்லியில எடுக்கிற இனிப்புச் சாமான்) சேர்ப்பினம், உப்பும் இருக்கும். மொன்றியல்ல செய்யிறது மெல்லிசு, ஓட்டை பெருசு, தேன் விட்ட தண்ணியில கொதிக்க வைச்சு விறகுப் போறணையில சுடுவினம், அதால இனிப்பும் அங்கங்க கருகின வாசமும் இருக்கும், எள்ளு ரெண்டு பக்கமும் அப்பியிருக்கும். ரொறன்ரோவில ரெண்டு விதமும் கிடைக்குது, அதால ரொறன்ரோ ஆக்களிட்ட "எந்த மாதிரி" எண்டு கேட்டுக்கொள்ளுங்கோ. கொழும்பில கிடைக்கிறதில அநேகம் நியூயோர்க் மாதிரியைப் பாத்துச் செய்தது தான், விறகுப் போறணை வைச்சிருக்கிற பீட்சாக் கடை யாராவது மொன்றியல் மாதிரி செய்ய வெளிக்கிட்டா நான் முதல் ஆளா நிப்பன்.

மொன்றியல்ல பேர் போன ரெண்டு கடை, 1919ல தொடங்கின பெயர்மவுண்ட்டும் 1957ல தொடங்கின சென் வியாத்தரும், ரெண்டும் இரவு பகல் எண்டில்லாமல் சுடுறதுக்குப் பேர் எடுத்தது. அங்க போற ஆள் எந்த நேரம் போனாலும் கைபொறுக்காத சூட்டில தான் வாங்கிறார், றோட்டில நிண்டே சாப்பிடுறார். எங்கட ஆக்களுக்கு நாக்கில நிக்கிற ருசியில பெரிய பங்கு அந்தச் சூடு தான். அதை இங்க விடிய ஆறு மணிக்குச் சுட்டு பின்னேரம் நாலு மணிக்கு வாங்கினதோட ஒப்பிடுறது நியாயமே இல்லை.

தண்ணி தான் காரணம் எண்டு ஒரு கதை சொல்லுவினம், நியூயோர்க் தண்ணி மாதிரி வேற எங்கயும் இல்லை, அதால வேற எங்கயும் நல்ல பேகல் வராது எண்டு. நியூயோர்க் தண்ணி மென்தண்ணி எண்டது உண்மை. ஆனா கொழும்புக் குழாயில வாறதும் களனி ஆத்தில இருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களில இருந்தும் வாற தண்ணி தானே, யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி மாதிரிச் சுண்ணாம்புக் கல்லுத் தண்ணி இல்லை. தண்ணியில குறை இல்லை, குறை மாவில தான். பேகலுக்குப் புரதம் கூடின மா வேணும், நூற்றுக்கு 13, 14 எண்ட அளவில, நாங்கள் வீட்டில பிட்டுக்கும் ரொட்டிக்கும் வாங்கிற சாதாரண கோதம்ப மாவில அவ்வளவு இராது. அக்கறையாச் செய்யிற ஆக்கள் பாண் மாவைத் தேடி எடுப்பினம், இல்லாட்டி புறக்கோட்டையில கேக் சாமான் விக்கிற கடைகளில குளூட்டன் தூள், அதாவது கோதம்பைப் புரதத் தூள், வாங்கிக் கலப்பினம். இதையும் ஒரு கேள்வியாக் கேக்கலாம்.

பக்கற்றில வாற ஃபுரோசன் பேகல் எப்பவும் மெத்தெண்டு இருக்கிறதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. நியூயோர்க்கில முந்தி லோக்கல் 338 எண்ட தொழிற்சங்கத்து ஆக்கள் தான் கையால உருட்டிச் செய்தவை, இறுக்கமான மா, நல்ல கைப்பலம் வேணும். டானியல் தொம்சன் எண்டவர் உருவாக்கின மெசினை 1963ல லென்டர்ஸ் எண்ட பேகல் கொம்பனி வாடகைக்கு எடுத்துப் பாவிக்கத் தொடங்கினது, மெசினுக்குள்ள ஓடவேணும் எண்டா மா இளகலா இருக்கவேணும், அந்த இளகின மாவில செய்து ஃபிறீஸ் பண்ணின பேகல் தான் பிறகு உலகம் முழுக்கப் போனது. அதால சுப்பர்மார்க்கெட் பக்கற்றைக் கடைசி வழியா வைச்சிருங்கோ.

இப்ப நேரம். கொழும்பில காத்தில இருக்கிற ஈரம் பேகல் தோலுக்குப் பெரிய எதிரி, மொறுமொறு எண்டு வெளிய வந்த தோல் ரெண்டு மூண்டு மணித்தியாலத்தில தோஞ்சு போகும். அதால காலமை போங்கோ, போக முதல் ஃபோன் பண்ணி எத்தினை மணிக்கு எடுப்பியள் எண்டு கேட்டுட்டுப் போங்கோ, சனி ஞாயிறு எண்டா கூடச் சுடுவினம். ஹோட்டல் பேஸ்ட்ரி கவுண்டர்களில பின்னேரம் விலை குறைச்சுக் குடுக்கிற நேரத்தில கேக் வாங்கலாம், பேகல் வாங்காதேங்கோ, அது விடியச் சுட்டது.

என்னைக் கேட்டா இங்க நல்லது கிடைக்கிறதுக்குக் கூடச் சாத்தியம் வீட்டில செய்து ஓடர் எடுக்கிற ஆக்களிட்டைத் தான். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இன்ஸ்டகிராமிலயும் வட்ஸ்அப்பிலயும் ஓடர் எடுக்கிற அக்காமார் இருக்கினம், வெளிநாட்டில இருந்திட்டு வந்த ஆக்கள், அவைக்கு அந்த ருசி தெரியும், ஒரு நாளைக்குக் கொஞ்சம் தான் செய்யிறதால பிறிட்ஜில வைக்கவும் இடம் காணும். ரெண்டு நாள் முந்திச் சொல்லுங்கோ. பிக்மி எண்ட டெலிவரி அப்பில அனுப்புறதெண்டா ஒரு விசயம் வடிவாச் சொல்லிவிடுங்கோ, ஆறின பிறகு கடதாசிப் பையில போடச் சொல்லி. சூட்டோட பிளாஸ்ரிக் பையில கட்டினா காலி வீதி ட்ரஃபிக்கில வந்து சேர முதல் ஆவி பட்டு வியர்த்து, அவிச்ச சாமான் மாதிரி நிக்கும். முதல் முறை எள்ளுப் பேகல் தான் எடுங்கோ, புளூபெரி, சொக்லேட் எல்லாம் போட்டா மாவின்ர குறை தெரியாது.

மேல பூசக் கிறீம் சீஸ் இங்க அநேகமா இறக்குமதி, விலை கூட. நல்ல எருமைத் தயிரை மெல்லிய துணியில கட்டி ராத்திரி பிறிட்ஜுக்குள்ள ஒரு சட்டிக்கு மேல தொங்கவிடுங்கோ, விடிய எடுத்து உப்பும் கொஞ்சம் மிளகுத்தூளும் போட்டு அடிச்சா வழுவழுப்பாத் திரண்டு வரும், சின்ன வெங்காயம் வெட்டிப் போட்டு ரெண்டு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டா புகையூட்டின மீனுக்கும் நல்லாப் பொருந்தும்.

கனடாவில இருந்து மாமியோ மச்சாளோ வரேக்க கொண்டு வரச் சொல்லுறதும் ஒரு வழி தான், மொன்றியல்ல பிறந்த விண்வெளி வீரர் ஒருத்தர் 2008ல பெயர்மவுண்ட் எள்ளுப் பேகலை விண்வெளிக்கே கொண்டு போனவர், கட்டுநாயக்கா எயார்போட்டுக்குக் கொண்டு வாறது பெரிய வேலை இல்லை. வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் வாங்கி, நல்லா ஆறவிட்டு, ஃபிறீசரில கல்லாக்கி, இறுக்கிச் சுத்தி, பெட்டியில உடுப்புக்கு நடுவில வைக்கச் சொல்லுங்கோ. வந்து இறங்கின அண்டைக்குச் சாப்பிடுறதை வெளிய வைச்சிட்டு மிச்சத்தைக் குறுக்கால வெட்டி உடன ஃபிறீசருக்குள்ள போடுங்கோ. இங்க வாங்கினதுக்கும் இதே முறை தான். பிறிட்ஜின்ர கீழ்த்தட்டில மட்டும் வைச்சிடாதேங்கோ, அங்க வைச்சா வெளிய இருக்கிறதை விடக் கெதியாக் காஞ்சு வறண்டிடும்.

திரும்பச் சூடாக்கேக்க வெட்டாத முழுப் பேகல் எண்டா குழாய்த் தண்ணியில ஒருக்கா நனைச்சு 180 பாகை அவணில அஞ்சு ஆறு நிமிசம் வையுங்கோ, தோல் திரும்ப மொறுமொறுப்பா வரும். அவண் இல்லாத ஃபிளட்டில தோசைக்கல்லு காணும், வெட்டின பக்கத்தில பட்டர் தடவிக் கவிட்டு வைச்சு மூடிபோட்டு, மெல்லிய நெருப்பில விடுங்கோ. மைக்ரோவேவ் வேண்டாம், ஆற முதல் ரப்பராகிடும்.