மட்டக்களப்புப் பேச்சுக்கு இலக்கணம் எழுதத் தொடங்குவது எப்படி?

பாடசாலை இலக்கணம் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லித் தரும். விவரண இலக்கணத்துக்கு அந்தக் கவலை கிடையாது. ஆட்கள் பேசுவதைக் கேட்டு, அதற்குள் ஓடும் ஒழுங்கைக் கண்டு எழுதுவதே அதன் வேலை. "மறுகா வாறன்" (பிறகு வருகிறேன்) என்பதைத் திருத்தப் போனால் வேலை அங்கேயே நின்றுவிடும். அந்த "வாறன்" எங்கே வருகிறது, "வாறான்" எங்கே வருகிறது என்று பார்க்கத் தொடங்கினால் வழி திறக்கும். தமிழுக்கு இது புதிதும் இல்லை. தொல்காப்பியப் பாயிரமே வழக்கு, செய்யுள் இரண்டையும்தான் ஆதாரமாகச் சொல்கிறது.

ஒரு போன், ஹெட்போன், கொப்பி, பேச விருப்பமுள்ள ஒருவர். தொடங்க இவ்வளவும் போதும்.

படி 1: ஒலிப்பதிவு

முதலில் அனுமதி கேளுங்கள். எதற்காகப் பதிகிறீர்கள் என்று சொல்லி, அவர் சம்மதிப்பதையும் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள். போனை வாயிலிருந்து 20–30 சென்ரிமீற்றர் தள்ளி, துணி விரித்த மேசையில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பதிவுச் செயலியில் வேவ் வடிவம், 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிற் என்று தெரிவுசெய்யுங்கள். ஒற்றைத் தடத்தில் ஒரு நிமிடத்துக்கு 5 எம்பிக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். வட்ஸ்அப் குரல் செய்தி இதற்கு உதவாது. கோப்பைச் சுருக்கும்போது மெல்லிய ஒலி வேறுபாடுகள் கெட்டுவிடும்.

"உங்கட ஊர்த் தமிழ் கொஞ்சம் பேசுங்க" என்று கேட்டால் மேடைத் தமிழ்தான் வரும். வெள்ளாமை வெட்டு எப்படி நடக்கும், பன்பாய் எப்படி இழைப்பது என்று அவர் கைபழகிய வேலையைக் கேளுங்கள். ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகு பேச்சு தானாக இளகும். 20 நிமிடம் பதிந்து, நடுவில் 3 நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கேட்டதை எழுதுதல்

புதியவருக்கு ஒரு நிமிடப் பேச்சை எழுத அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கலாம். 3 நிமிடம் போதும் என்றது அதனால்தான். ஓடாசிற்றி அல்லது பிராட் என்ற கணினிச் செயலியைப் பயன்படுத்துங்கள், இரண்டும் இலவசம். இரண்டு மூன்று விநாடித் துண்டாக வெட்டித் திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

அதிகம் பேர் வழுக்குவது இந்தப் படியில்தான். காது "மூண்டு" என்று கேட்கும், கை "மூன்று" என்று எழுதும். மட்டக்களப்புப் பேச்சில் இந்த ஆபத்து இன்னும் கூட. எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கிய பேச்சுவழக்கு என்று கமில் சுவெலபில் போன்ற அறிஞர்கள் இதைச் சொல்லிவைத்ததால், எல்லாமே கொப்பித் தமிழ்தான் என்ற நினைப்பு நமக்கு வந்துவிடுகிறது. நெருங்கியது என்றால் ஒன்றேதான் என்று ஆகாது. எழுதி முடித்ததும் எழுத்தை மறைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள், அதன்பின் ஒப்பிடுங்கள்.

படி 3: எந்த ஒலிகள் பொருளை மாற்றுகின்றன?

பத்து, பற்று, பட்டு. மூன்றையும் மெதுவாகச் சொல்லி நாக்கு நுனியைக் கவனியுங்கள். முதலாவதில் நாக்கு பல்லில் படும். இரண்டாவதில் பல்லுக்கு மேலே ஈறில். மூன்றாவதில் பின்வளைந்து அண்ணத்தில். இடம் மாறினால் பொருளும் மாறுகிறது என்பதால் இவை மூன்றும் தனித்தனி ஒலியன்கள். ஈழத்துப் பேச்சில் இந்த நடு ஒலி உறுதியாக நிற்பதால்தான் நாம் மாக்கற், ரிக்கற் என்று ற் போட்டு எழுதுகிறோம். தமிழ்நாட்டார் அதே சொற்களுக்கு ட் போடுகிறார்கள்.

"பகல்" என்பதன் நடுவில் வரும் ககரம் "கல்" என்பதன் ககரம்போல் அழுத்தமாக ஒலிக்காது. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதைச் சொன்னாலும் பொருள் மாறாது. இவை ஒரே ஒலியனின் மாற்றொலிகள்.

கரை, கறை இரண்டும் உங்கள் ஊரில் வேறாக ஒலிக்கின்றனவா? எழுத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கடற்கரைப் படம் ஒன்று, கறைபட்ட சட்டைப் படம் ஒன்று வரைந்து, ஒவ்வொன்றையும் பத்துத் தடவை கலந்து காட்டி, "நான் … எண்டு சொன்னன்" என்ற ஒரே வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். படத்தைக் காணாத இன்னொருவர் 20 தடவையும் கேட்டு எது என்று சொல்லட்டும். 18க்கு மேல் சரி என்றால் வேறுபாடு இருக்கிறது. 10க்குப் பக்கத்தில் நின்றால் அவர் ஊகிக்கிறார், காதில் வேறுபாடு விழவில்லை. சொற்களை எழுதிக் காட்டினால் இந்தச் சோதனை பாழ். எழுத்தைக் கண்டவுடன் ஆள் வாசிக்கத் தொடங்கிவிடுவார்.

படி 4: வினையை வெட்டுதல்

போறான், போனான், போவான் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். முன்னே "போ", பின்னே "ஆன்" மாறாமல் நிற்கின்றன. நடுவில் ற், ன், வ் மாறுகின்றன, காலமும் மாறுகிறது. ஆகவே காலம் காட்டுபவை அவைதான். அடுத்து "நான் போறன்", "அவள் போறாள்" சேர்த்துப் பாருங்கள். தன்மைக்கு அன், ஆண்பாலுக்கு ஆன். ஒரு குறில் நெடில் வித்தியாசமே ஆளை மாற்றிவிடுகிறது. இப்படிப் பொருள் தரும் மிகச் சிறிய துண்டுக்கு உருபன் என்று பெயர்.

"வந்தான்" கொஞ்சம் மல்லுக்கட்டும். பகுபத உறுப்பிலக்கணத்தில் வா என்பது வ ஆனது, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இடைநிலை என்று படித்திருப்பீர்கள். அந்த வழி பகுதியிலிருந்து சொல்லைக் கட்டிக் காட்டுகிறது. நாம் கிடைத்த சொற்களை ஒப்பிட்டு வெட்டுகிறோம். நடந்தான், நடப்பான் இரண்டிலும் "நட" பொது. அப்படியானால் இறந்தகாலம் "ந்த்". அதே வெட்டு இங்கே "வ-ந்த்-ஆன்" என்று வரும். வினையடி மட்டும் வா, வ, வரு என்று மூன்று வடிவம் எடுக்கிறது. அதை விதியாக்கப் பாடுபடாமல் பட்டியலில் எழுதிவிடுங்கள்.

பத்து வினை, மூன்று காலம், மூன்று இடம். 90 வடிவங்கள் சேரும். "நான் போறன், நீ போறாய்" என்று வாய்ப்பாடாகக் கேட்டால் வகுப்பறை ராகம் வந்துவிடும். நேத்து, இப்ப, நாளைக்கு என்று வைத்துக் கேள்வி கேட்டு, பதிலிலிருந்து எடுங்கள்.

படி 5: வாக்கியம்

ஒவ்வொரு வாக்கியத்தையும் நான்கு வரியாக எழுதுங்கள்: கேட்டபடி, வெட்டியபடி, துண்டுகளின் பொருள், எழுத்துத் தமிழ்.

நான் மாட்டக் கட்டினன்
நான் மாட்டு-அ கட்டு-இன்-அன்
நான் மாடு-இரண்டாம்வேற்றுமை கட்டு-இறந்தகாலம்-தன்மை.ஒருமை
"நான் மாட்டைக் கட்டினேன்"

இப்படி இருபது வாக்கியம் சேர்ந்ததும் இரண்டாம் வேற்றுமை எங்கே மறைகிறது என்று தேடுங்கள். "பாய் வாங்கினன்" என்றால் ஏதோ ஒரு பாய். "பாய வாங்கினன்" என்றால் நாம் பேசிக்கொண்டிருந்த அந்தப் பாய். ஆளைக் குறிக்கும் சொல்லில் உருபைப் பெரும்பாலும் விடமாட்டார்கள்: "பொடியனக் கூப்பிடு". உயிருள்ளதா, குறிப்பானதா என்ற இரண்டு கேள்வியிலேயே பெரும்பாலான வரிகள் அடங்கும்.

"இப்பிடிச் சொல்லலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். மரியாதைக்கு "ஓம்" என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு வடிவத்தைச் சொல்லி, எது எப்போது வரும் என்று கேளுங்கள்.

படி 6: சரிபார்த்தல்

ஒருவரின் பேச்சு ஊரின் பேச்சாகாது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒருவர், கிழக்கே எழுவான்கரையில் ஒருவர், காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ ஒருவர் என்று எடுத்தால் வேறுபாடு தெரியும். போயிட்டு, போயிற்று, போயித்து மூன்றும் காதில் விழுந்தால் மூன்றையும் எழுதுங்கள். சொன்னவரின் ஊர், வயது, பிறந்து வளர்ந்த இடம் பக்கத்தில் இருக்கட்டும். பெயர் வேண்டாம், "அ1", "அ2" என்ற குறியீடு போதும். யாழ்ப்பாணத்தில் இது, அது இரண்டுக்கும் நடுவான உது, உவன் தாராளமாகப் புழங்குகிறது. உங்கள் பதிவுகளில் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அதையும் எழுத வேண்டும்.

விதிகளை எழுதியபின், இதுவரை தொடாத ஒரு நிமிடப் பதிவை எடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் உங்கள் விதிகளால் வெட்டிப் பாருங்கள். வெட்டுப்படாத சொல்லைச் சிவப்பு மையில் குறித்து, பதிவின் நிமிடம், விநாடியையும் பக்கத்தில் போடுங்கள். அடுத்த முறை அந்த ஆளிடம் போகும்போது கேட்கவேண்டிய கேள்விகள் அந்தச் சிவப்புச் சொற்கள்தான்.