ஆர்கேட் கன்ட்ரோல் பேனலுக்கு எத்தனை மி.மீ. பலகை?

ஆர்கேட் கேம் மெஷினில் பட்டன், ஜாய்ஸ்டிக் பொருத்தும் பலகைதான் கன்ட்ரோல் பேனல். பெரும்பாலான பேனலுக்கு 18 மி.மீ. பிளைவுட் போதும். 12 மி.மீ. பலகையும் தாங்கும், ஆனால் அகலம் 60 செ.மீ.க்கு மேல் போனால் அடியில் குறுக்குச் சட்டம் கொடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டம் சூடுபிடிக்கும்போது நடுப்பகுதி அதிரும்.

பலகை வாங்கும் முன்பே பட்டன், ஜாய்ஸ்டிக் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீளமான மரையுள்ள அமெரிக்க வகைப் பட்டன் 18 மி.மீ.யில் சரியாக உட்காரும். துளை 28 அல்லது 29 மி.மீ. ஜப்பானிய வகைக்கு 30 மி.மீ. துளை. அதில் கிளிப் போட்டு மாட்டும் பட்டன் மெல்லிய தகட்டுக்கானது. தடித்த மரத்தில் கிளிப் விரியவே விரியாது, பட்டன் மேலே எழும்பிவரும். நட்டு போட்டு இறுக்கும் மாடலைக் கேளுங்கள்.

சிக்கல் பெரும்பாலும் ஜாய்ஸ்டிக்கில்தான். சான்வா ஜேஎல்எஃப் என்ற ஜப்பானிய மாடல் போன்ற குட்டைத் தண்டுள்ளதை 18 மி.மீ. பலகைக்கு அடியில் அப்படியே திருகினால் தண்டின் உச்சி உருண்டை பேனலுக்கு மிக அருகில் தாழ்ந்து நிற்கும். ஜாய்ஸ்டிக்கைப் பலகையோடு பிணைக்கும் தகடான மவுன்டிங் பிளேட்டின் அளவுக்கு, அடிப்பக்கம் ரவுட்டரால் (மரம் குடையும் மெஷின்) குடைந்து, 6 மி.மீ. மரத்தை மட்டும் விடுங்கள். ஒரே வெட்டில் குடையாமல் 3 மி.மீ., 3 மி.மீ.யாக இறங்குங்கள். மேலே 3 மி.மீ. அக்ரிலிக் போடுவதானால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிளைவுட்டுக்குப் பதில் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போட்டால் வழவழப்பாக வெட்டுப்படும், பெயின்டும் அழகாகப் பிடிக்கும். ஆனால் குடைந்து மெலிந்த இடத்தில் மரத்திருகு பிடிக்காது. போல்ட், நட்டு போடுங்கள். பிளைவுட்டில் துளையிடும்போது அடியில் வேஸ்ட் பலகையை இறுக்கிக் கட்டினால் விளிம்பு சிலாம்பு உரியாது.